நாலாவது கிளாஸ் யாருக்கு?

அத்தியாயம் ஒன்பது

ஷாலினி இட்லியின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். சாம்பாரைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். பிறகு கை கழுவாமல், சுவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப சாப்பிடுங்கப்பா."

எதிரே உட்கார்ந்திருந்த நான் என் தட்டில் இருந்த இட்லியை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

அவள் அப்பா சீனுவாசன் திண்டிவனத்தில் பெரிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர். அவருடைய கிளாஸில் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள். அதை அவர் குடிக்கவில்லை. அவருடைய மனைவி பவானியம்மா குடித்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஷாலினி எங்களைத் தேடி விழுப்புரம் வந்தாள். "எங்கம்மா போயிட்டாங்க. அப்பாவையாவது காப்பாத்திக் குடுங்க" என்றாள். அழவில்லை. கடைசி பஸ் போய்விட்டதா என்று விசாரிக்கிற குரலில் சொன்னாள். அப்பாவைக் கொல்லப் பார்த்தவன் பிடிபடும்வரை அந்த வீட்டை விட்டு நகர மாட்டாளாம். நிச்சயமான கல்யாணத்தைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். மாப்பிள்ளை இளவழகன் புதுச்சேரியிலிருந்து தினமும் போன் செய்கிறான்; இவள் எடுப்பதில்லை.

"எங்களை" என்றால் துப்பறியும் விசாலாட்சி மேடமும் அடியேன் அரிபிரசாத்தும். மேடம் போலீஸ் வேலையை உதறிவிட்டு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் எலெக்ட்ரிக்கல் கடை மாடியில் ஆபீஸ் போட்டிருப்பவர். அந்த ஆபீஸின் மேனேஜர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நான்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

சமையற்கார அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். சீனுவாசன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார்.

"அப்பா! நான் குடிச்சிட்டுத் தரேன்னு சொன்னேன்ல?" ஷாலினி டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஒண்ணும் ஆவாது பாப்பா. சர்க்கரைதான் ஜாஸ்தி. வேற போட்டுக் குடுக்கச் சொல்லு. எனக்கு இனிப்பு ஆவாது."

ஷாலினி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

மேடம் கையை நீட்டி அந்த டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஒரு சொட்டு வாயில் விட்டுக்கொண்டு டம்ளரை என்னிடம் தள்ளினார். நானும் பார்த்தேன். காபி இல்லை அது, பாயசம்.

"முந்திரி மட்டும்தான் போடல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் என் ஜோக் எதுவும் எடுபடுவதில்லை. சொல்லப்போனால் இரண்டு நாளாக எனக்கே சிரிப்பு வருவதில்லை.

மேடம் எழுந்துகொண்டார். "அரி, வண்டியை எடு. வாத்தியாரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் டியூஷன் வைக்கிற ஊரில் சீனுவாசன் குடும்பம் ஷாம்பெயின் குடிக்க டியூஷன் வைத்துக்கொண்டது. காரணம் சம்பந்தி வீடு. இளவழகன் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் ஷாம்பெயின் மூடி தெறித்தால்தான் ஆரம்பம். அங்கே போய்க் கிளாஸைப் பிடிக்கத் தெரியாமல் முழிக்கக் கூடாது என்று திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ் ஏசி ஹாலில் வகுப்பு. சீனுவாசன், பவானியம்மா, ஷாலினி, சொல்லிக்கொடுக்க தேவநாதன். கிளாஸ்களைக் கழுவி எடுத்துவர ராயப்பன் என்று ஒரு சர்வர். முதல் வகுப்பு நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் வகுப்பின் முடிவில் பவானியம்மா மேஜை மேலேயே சரிந்துவிட்டார்.

ராயப்பன் முன்பு ஜெகதீசன் என்பவரிடம் வேலை பார்த்தவன். ஜெகதீசனுக்கும் சீனுவாசனுக்கும் மண்டித் தகராறு. போலீசுக்கு இது போதாதா? காலி கிளாஸிலேயே விஷத் தூளைத் தடவி வைத்துவிட்டான் என்று ராயப்பனை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஜெகதீசன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வெளியே சுற்றிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஷாலினிக்கு இட்லி மேல்கூடச் சந்தேகம்.

விழுப்புரத்தில் தேவநாதன் வீட்டு வாசலில் மணி அடித்தோம். பாரிஸில் ஏதோ ஓட்டலில் முப்பது வருஷம் ஒயின் பரிமாறிவிட்டு ஊர் திரும்பிய மனிதர். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அன்னிலேர்ந்து பாட்டிலைத் தொடவே கை வரல மேடம்" என்றார்.

"இன்னிக்குத் தொடணும்" என்றார் மேடம். "அன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, அதையே இவனுக்குச் சொல்லிக் குடுங்க. ஒண்ணு விடாம."

"வேலை நேரத்துல எனக்குப் பழக்கம் இல்லீங்க மேடம்" என்றேன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டபடி.

இரண்டு சின்ன பாட்டில்களைக் கொண்டுவந்தார். நீளமான ஒல்லிக் கிளாஸில் முதல் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினார். பொன் நிறத்தில் அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழ் கிளம்பி மேலே போனது. நான் வீட்டுப் பழக்கத்தில் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். நுரை நேராக மூக்குக்குப் போய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தூக்கிக் குடிக்கிற சரக்கு இல்ல தம்பி இது. உதட்டுல வெச்சுத்தான் குடிக்கணும். மொதல்ல பாருங்க. அப்புறம் மோந்து பாருங்க. கொஞ்சமா வாயில வெச்சு நாக்கு பூரா உருட்டுங்க. அப்புறம் இந்தக் கிண்ணத்துல துப்பிடுங்க."

"துப்பணுமா? இத்தன தூரம் கப்பல் ஏறி வந்ததையா?"

"அவங்களும் இதையேதான் கேட்டாங்க. யாரும் துப்பல."

மோந்து பார்த்தேன். பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி வாசனை. வாயில் வைத்தால் புளிப்பு. நீராகாரத்தில் சோடா கலந்த மாதிரி இருந்தது. சொன்னேன்.

"அதான் சரி" என்றார் தேவநாதன். முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "இதுல சர்க்கரையே கிடையாது. வகுப்புல ஆளுக்கு நாலு கிளாஸ், நாலு வகை, படிப்படியா இனிப்பு ஏறும். நாலாவது கிளாஸ் நல்ல இனிப்பு. நான் சொல்லிக் குடுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒசத்தி, மட்டம்னு எதையும் சொல்லாதீங்க. அடுத்தவன் என்ன சொல்றான்னு பார்க்காதீங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா, அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்க."

"பவானியம்மா என்ன சொன்னாங்க?" மேடம் கேட்டார்.

"மொத வகுப்புல வாயே திறக்கல. புருஷன் மூஞ்சியைப் பார்த்தாங்க. 'அவருக்கு எது பிடிச்சிருக்கோ அதான்'னாங்க. நான் விடல. நாலாவது கிளாஸ்ல, இது எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. ரெண்டாவது வகுப்புக்கு வரும்போது ஆளே மாறி இருந்தாங்க மேடம். 'உங்க பாடத்தை வீட்லயும் சொல்லிட்டேன் சார். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் எங்கப்பா குடுத்த நிலம். அதை விக்கணும்னு இவரு ஒத்தக்கால்ல நின்னுக்கினு இருந்தாரு. எனக்குப் பிடிக்கலன்னு சொல்லிட்டேன்'னாங்க. அவரும் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சாரு."

"ரெண்டாவது வகுப்பு யார் கேட்டது?"

"அவருதான். அந்த இனிப்பையும் மறக்காம எடுத்துக்கினு வரச் சொன்னாரு. அவளுக்குப் பிடிக்கும்னாரு. கேட்கவே சந்தோஷமா இருந்துச்சு."

தேவநாதன் இரண்டாவது பாட்டிலை, அந்த நாலாவது கிளாஸ் இனிப்பை, திறந்து ஊற்றினார். நான் உருட்டினேன். பழுத்த பேரிக்காய் மாதிரி இனித்தது. எனக்கும் இதுதான் பிடித்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நாலாவது கிளாஸ் அன்னைக்கு எப்படிப் போச்சு, நிதானமா சொல்லுங்க" என்றார் மேடம்.

"எங்க நாலு பேர் கிளாஸ்லயும் நானே ஊத்தினேன். நாலும் ஒரே மாதிரி அமைதியா இருந்துச்சு. ராயப்பன் ஐஸ் எடுக்கக் கீழ போனான். பாப்பாவுக்குப் போன் வந்துச்சு, வெளிய போச்சு. நான் பழைய பாட்டிலை எல்லாம் எடுத்து ஓரமா வெச்சுக்கினு இருந்தேன். பின்னால புஸ்ஸுன்னு சத்தம். திரும்பினா சீனுவாசன் சார் கிளாஸ் மட்டும் பொங்கி வழியுது. கைக்குட்டையால துடைச்சுக்கினு இருந்தாரு. கிளாஸ்ல துணி நூல் ஒட்டியிருந்தாக்கூட அப்படிப் பொங்கும். அதனால நான் பெருசா எடுத்துக்கல."

"எந்த மாதிரி கைக்குட்டை?"

"வெள்ளை. நீலக் கரை. எல்லாரும் வெச்சிருக்கறதுதான். கலாட்டாவுல எங்கியோ விழுந்துடுச்சுன்னு அப்புறம் தேடிக்கினு இருந்தாரு."

"அப்புறம்?"

"கண்ணை மூடி மோந்து பார்த்துக்கினு இருந்த அவங்க, தன்னோட கிளாஸை முடிச்சாங்க. நல்லா இருக்கான்னேன். ரொம்பன்னாங்க. அவரு தன்னுதை நகர்த்தி வெச்சு, 'எனக்கு இனிப்பு ஆவாது, நீ குடி'ன்னாரு." தேவநாதன் துப்பும் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "நான் துப்பச் சொல்லிக் கத்தியிருக்கணும் மேடம். கத்தல."

மேடம் மீதி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது விக்கிரவாண்டியில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை முன் நிறுத்தச் சொன்னார். கோலி சோடா ஒன்று வாங்கி, கடைக்காரரிடம் இரண்டு டம்ளரும் ஒரு சிட்டிகை உப்பும் கேட்டார்.

"மேடம், வயிறு சரியில்லையா?"

"பேசாம பாரு."

முதல் டம்ளரில் உப்பை அடியில் போட்டு, அதன் மேல் சோடாவை ஊற்றினார். ஊற்றும்போதே நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. இரண்டாவது டம்ளரில் சோடாவை மட்டும் ஊற்றினார். அது அடங்கிய பிறகு உப்பைப் போட்டார். புஸ்ஸென்று பொங்கி என் சட்டையில் தெறித்தது.

"எலுமிச்சை சோடா குடிக்கிற எல்லாருக்கும் தெரியுமே மேடம் இது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. "காலி கிளாஸ்லயே தூளைத் தடவி வெச்சிருந்தா, வாத்தியார் ஊத்தும்போதே பொங்கி இருக்கணும்!"

"ஊத்தும்போது பொங்கல. அப்புறம்தான் பொங்கிச்சு."

"அப்ப ராயப்பன் இல்ல. அவன் கீழ போயிட்டான். ஷாலினி வெளிய. வாத்தியார் ஓரமா. ஆக, பவானியம்மாவே புருஷனுக்கு வெச்சு, மறந்து போய்..."

"வெச்ச கையாலயே எடுத்துக் குடிக்கிறதுக்கு அவங்களுக்கென்ன பைத்தியமா?" மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அரி, உன் வீட்ல நீ தட்டுல மிச்சம் வெச்சா யாரு சாப்பிடுவா?"

"என் வொய்ஃப்."

"அவங்க மிச்சம் வெச்சா நீ சாப்பிடுவியா?"

"நானா?" என்றேன்.

"பவானியம்மாவுக்கு அந்த இனிப்பு பிடிக்கும். ஆனா இன்னொரு கிளாஸ் குடுங்கன்னு வெளி ஆள் முன்னாடி கேட்டு வாங்கிக் குடிக்க வெக்கம். புருஷன் மிச்சம்னா வெக்கமே இல்ல. இருபத்தஞ்சு வருஷமா அவரு மிச்சத்தைச் சாப்பிட்ட கை அது. இது தெரிஞ்ச ஒரு ஆள், கொல்ல நெனைச்சா எந்த கிளாஸ்ல போடுவான்?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தன்னோட கிளாஸ்ல" என்றேன்.

"அங்க போட்டா ஊரே என்ன சொல்லும்? யாரோ அவரைக் கொல்லப் பார்த்தாங்க, பாவம் பொண்டாட்டி போயிட்டான்னு சொல்லும். நாமளும் ரெண்டு நாளா அதையேதான் சொல்லிக்கினு இருக்கோம். அவரை யாரும் கொல்லப் பார்க்கல அரி. அது அவருக்கே தெரியும். அதான் பொண்ணு ருசி பார்க்கறதுக்கு முன்னாடியே காபியை எடுத்துக் குடிச்சாரு. சோகத்துல மரத்துப் போயிட்டாரு போலன்னு நெனைச்சேன். மரத்துப் போனது அந்தப் பொண்ணு. பாயசத்தைக் குடிச்சிட்டு காபி சரியா இருக்குன்னுது. இவருக்கு மட்டும் சர்க்கரை ஜாஸ்தின்னு நல்லா தெரியுது."

"நிலத்துக்காகவா மேடம்?"

"அட்வான்ஸ் வாங்கி இருப்பாரு. அந்தம்மா வாழ்க்கையில மொதத் தடவையா பிடிக்கலன்னு சொன்னது அதுக்குத்தான். ஆனா இதை எல்லாம் கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க. சோடா பொங்கிச்சுன்னு எவனும் தூக்குல போட மாட்டான்." மேடம் காரில் ஏறினார். "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒரு கைக்குட்டை வாங்கணும். வெள்ளை, நீலக் கரை."

"மூணு சேத்துதான் விப்பான்."

"மீதி ரெண்டை நீ வெச்சுக்கோ."

வாங்கினேன். மேடம் அதை மீதி ஷாம்பெயினில் நனைத்துப் பிழிந்து, கார் ஜன்னலில் காயப்போட்டார். அன்று நுரையைத் துடைத்த துணி மாதிரியே காய்ந்து மொடமொடவென்று ஆன பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து கொஞ்ச நேரம் பேசினார். அவர் சிரித்தது எனக்கே கேட்டது. ஆனாலும் வருகிறேன் என்றாராம்.

நாங்கள் போனபோது வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் தோசை தயாராக இருந்தது. இன்ஸ்பெக்டர் மஃப்டியில் வந்து, யாரோ உறவுக்காரர் மாதிரி கூடத்தில் உட்கார்ந்து, பேப்பரை முகம் மறையப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். சீனுவாசன் அவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

"எதனா தெரிஞ்சுதா மேடம்?" என்றார்.

"பெருசா ஒண்ணும் இல்ல. லாட்ஜ் ஹால்ல சோபா இடுக்குல உங்க கைக்குட்டை கிடந்துச்சாம். வாத்தியார் குடுத்தனுப்பினாரு." மேடம் அதை எடுத்து மேஜை மேல், ஷாலினியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சீனுவாசனின் கண் அதன் மேல் போய் நின்றது. எடுக்கப் போன கையைப் பாதியில் மடக்கிக்கொண்டார்.

இனி என் வேலை. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் சொம்பைத் தட்டிவிட்டேன். டம்ளரெல்லாம் தண்ணீர். "ஐயோ, என் கை எப்பவும் இப்படித்தான், பேஜாரு புடிச்ச கை" என்றேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

ஷாலினி எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். அந்தக் கைக்குட்டையால் அப்பாவின் டம்ளரை வெளியே துடைத்தாள், வாய் விளிம்பைச் சுற்றித் துடைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். வழக்கம்போல அப்பாவுக்கு முன் தான் குடித்துப் பார்க்க உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வேணாம் பாப்பா!"

நாற்காலி பின்னால் விழுந்தது. சீனுவாசன் மேஜை மேல் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி உருண்டது. அவர் மகளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். "வாயில பட்டுச்சா? சொல்லு, பட்டுச்சா? போய் கழுவு, சோப்பு போட்டுக் கழுவு, ஜல்தி!"

"தண்ணிதானேப்பா?" என்றாள் ஷாலினி.

"தண்ணி இல்ல, அந்தத் துணி! அதை ஏன் தொட்ட? எவ்ளோ தேடினேன், எவ்ளோ..."

அங்கே நிறுத்திவிட்டார். கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"அது பஸ் ஸ்டாண்டுல வாங்கின புதுக் கைக்குட்டை" என்றார் விசாலாட்சி மேடம். குரலை உயர்த்தவில்லை. "அதுல விஷம் இருக்குன்னு இந்த வீட்ல யாரும் சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சீனுவாசன் மகளின் கையை விடவில்லை. ஷாலினிதான் மெதுவாக இழுத்துக்கொண்டாள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் அவருக்கு முன்னால் தின்று பார்த்த ஒவ்வொரு வாயையும் அவள் நினைத்திருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அம்மா குடிக்கும்போது பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கினு இருந்தீங்களாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருக்குதுங்கன்னு சொன்னா பாப்பா" என்றார். "இவ்ளோ சீக்கிரம் தீந்துபோச்சேன்னா."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "பாப்பா" என்றார். ஷாலினி தோசைத் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஜீப் போன சத்தம் அடங்கிய பிறகு கேட்டாள். "ராயப்பனை விட்டுடுவாங்களா மேடம்?"

"நாளைக்கே விட்டுடுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

"எனக்குப் பசிக்குது. இந்த வீட்ல வேணாம். வேற எங்கனா கூட்டிக்கினு போறீங்களா?"

பைபாஸில் ஒரு பரோட்டாக் கடையில் நிறுத்தினேன். அவளுக்குப் பக்கத்தில் மேடம் உட்கார்ந்தார், எதிரில் நான். ஒரு ஜோக்கும் வரவில்லை, வரவழைக்கவும் முயலவில்லை. ஷாலினி பரோட்டாவைப் பிட்டுக் குருமாவில் தோய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். அடுத்த வாய் எடுக்கப் போனவள் நிறுத்தினாள்.

"காரமா இருக்கு மேடம்" என்றாள்.

அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.